பதற்ற நோய்க்குத் தொடர்கவனிப்புப் பயிற்சி தேவை



பதற்ற நோய் மனச்சோர்வு, மதுப்பழக்கம், உடல்நோய் ஆகியவற்றோடு பின்னிவரும்போது மாத்திரை மட்டும் போதாது. நோயாளரின் தேவைகளை மதிப்பிட்டு, சிகிச்சைத் திட்டம் வகுத்து, மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், குடும்பத்தார் ஆகியோரை ஒருங்கிணைத்து, சிகிச்சை இடையில் அறுபடாமல் பின்தொடரும் ‘நோயாளர் மேலாண்மை’ இன்றியமையாதது.

தேனி மாவட்டத்தின் கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு விடியலிலேயே ஜீப்பில் சென்று மாலையில் திரும்பும் கூலித் தொழிலாளர், காலை நேர வெளிநோயாளர் பிரிவுக்கு வர ஒருநாள் கூலியை இழக்க நேர்வதால், தொடர்கவனிப்பு இங்கே இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது. பதற்ற நோயின் ஒரு வகையான, திடீரெனப் படபடப்பும் மூச்சுத் திணறலும் தாக்கும் பீதி நோயை மாரடைப்பு என எண்ணி மருத்துவமனைதோறும் அலைவோர்க்கு, அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை பலன் தரும். அதை முறையாக அளிப்பதற்கோ மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி வேண்டும்.

1996-இல் தேசிய அளவில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியாளர்களுக்கும், 2021 முதல் வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களுக்கும், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி வாயிலாக இச்சிகிச்சையிலும் தொடர்கவனிப்பிலும் பயிற்சியை அரசு தொடர்ச்சியாக அளிக்க வேண்டும். உடனடி மனநல ஆலோசனை தேவைப்படுவோர் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைத் தயங்காமல் அழைக்கலாம்.

– ஒரு வாசகர், சின்னமனூர்