பேசினால் சீட்டுக் கிழியும்!

ராத்திரி ஷிப்டு முடித்து வருகிற மில் தொழிலாளியும், வேனுக்குக் காத்து நிற்கிற பட்டாசுத் தொழிலாளியும் சூலக்கரை டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். சுவரில் தொலைக்காட்சி ஓடுகிறது. கோட்டு மாட்டிய ஒருவர் மேஜையைத் தட்டித் தட்டிக் கத்துகிறார். "சபாஷ், நன்றாகக் கேட்கிறான்!" என்கிறார் ஒருவர். "கேட்கிறது சரி, யாருக்காகக் கேட்கிறான்?" என்கிறார் மற்றவர். இந்த இரண்டாவது கேள்விதான் இந்த வாரம் நாம் பேச வேண்டிய விஷயம்.

தைரியமாகப் பேசும் நெறியாளர்களைப் பற்றியும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கிற கம்பெனிகளைப் பற்றியும் நாட்டில் பல ஆண்டுகளாகவே சர்ச்சை நடக்கிறது. இன்ன நெறியாளர் நடுநிலை தவறினார், அன்ன நெறியாளர் எல்லை மீறினார் என்று புகார் எழும். சில நாட்களில் அந்த மனிதர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். "சொந்தக் காரணங்களுக்காக விலகினார்" என்று அறிவிப்பு வரும். ஆலை வாசலில் யூனியன் கொடி கட்டிய தொழிலாளர்களுக்கு இந்தச் சொற்றொடர் புதிதல்ல. போனஸ் கேட்டவன் "தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போன" கதைகள் நம் மில்களில் எத்தனை எத்தனை!

நம் மாநிலத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூலை. கொரோனா ஊரடங்கில் ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். மாரிதாஸ் என்பவர் தம் யூடியூப் ஒளிபரப்பில், நியூஸ் 18 தமிழ்நாடு தொலைக்காட்சியின் ஊடகவியலாளர்களைப் பெயர் சொல்லி, இவர்கள் திராவிட இயக்கச் சார்பினர், கம்யூனிஸ்டுச் சார்பினர் என்று குற்றப்பத்திரிகை வாசித்தார். கூப்பாடு எழுந்தது. அந்த மாத இறுதியில் அதன் தலைமை ஆசிரியரும் பிரபல நெறியாளருமான மு. குணசேகரன் விலகினார். அவரோடு வேலை செய்த வேறு சிலருக்கும் அந்த இடம் இல்லாமற் போனது. அவர்கள் திரையில் சொன்ன செய்தியில் இன்னது பொய் என்று யாராவது நிரூபித்தார்களா? இல்லை. அவர்களது அபிப்பிராயம்தான் குற்றமாயிற்று. குணசேகரன் பின்னர் சன் நியூசில் சேர்ந்தார். ஒரு முதலாளி வீட்டிலிருந்து இன்னொரு முதலாளி வீட்டுக்கு! வேறு எங்கே போவது? தமிழகத்தில் ஜனங்களுக்குச் சொந்தமான தொலைக்காட்சி எங்கே இருக்கிறது?

நியூஸ் 18 யாருடையது? 2014 மே மாதக் கடைசியில் நெட்வொர்க் 18 குழுமத்தை அம்பானியின் ரிலையன்ஸ் தன் கைக்குள் கொண்டுவரும் ஏற்பாட்டை அறிவித்தது. ஜூலையில் ராஜ்தீப் சர்தேசாய், சகாரிகா கோஷ் போன்ற பெயர்பெற்ற நெறியாளர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். பெட்ரோலும் டெலிபோனும் விற்கிற கம்பெனி செய்தியும் விற்க வந்தது என்றால், எந்தச் செய்தியை விற்கும், எதைக் கிடங்கில் பூட்டி வைக்கும் என்பதைப் புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டாம்.

விவசாயத் தொழிலாளிகள் கவனமாகக் கேட்க வேண்டிய சம்பவம் ஒன்று. 2018 ஜூன் 20ந் தேதி பிரதமர் மோடி காணொளி மூலம் விவசாயிகளோடு பேசினார். சத்தீஸ்கர் மாநிலம் காங்கேர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு விவசாயப் பெண், தன் வருமானம் இரண்டு மடங்காகி விட்டது என்று சொன்னார். நாடு முழுவதும் காட்டினார்கள். ஏ.பி.பி. தொலைக்காட்சியின் நிருபர் அந்தக் கிராமத்துக்கே போய் விசாரித்தார். இப்படிச் சொல்லும்படி அதிகாரிகள் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற உண்மை வெளியே வந்தது. புண்ய பிரசூன் பாஜ்பாய் என்ற நெறியாளர் ஜூலையில் அதைத் தம் நிகழ்ச்சியில் ஒளிபரப்பினார். பிறகு என்ன? மந்திரிகள் பாய்ந்தார்கள். இரவு 9 மணிக்கு அவர் நிகழ்ச்சி தொடங்கும் நேரம் பார்த்து ஒளிபரப்பில் கோளாறு வந்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் அவர் வேலையை விட்டார். நிர்வாக ஆசிரியரும் போனார். பிரதமரின் பெயரைச் சொல்லாதே, படத்தைக் காட்டாதே என்று முதலாளி தரப்பிலிருந்து தமக்குச் சொல்லப்பட்டதாகப் பாஜ்பாய் பகிரங்கமாகவே எழுதினார்.

கூலிக்காரர்களே, பாருங்கள்! ஒரு ஏழை விவசாயியின் வருமானக் கணக்கைச் சரிபார்த்ததுதான் அவர் செய்தது. அதற்கு விலை அவரது வேலை.

அடுத்தது என்.டி.டி.வி. இதில் ஒரு கடன் கதை உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியை நடத்திய ராய் தம்பதிகளின் நிறுவனம் 2009-10ல், வி.சி.பி.எல். என்ற, பேர் தெரியாத ஒரு கம்பெனியிடம் ரூ.400 கோடிக்குச் சற்று அதிகமாகக் கடன் வாங்கியது. வட்டி கிடையாது! நம்மூரில் தண்டல்காரனும் மீட்டர் வட்டிக்காரனும் கொடுக்கிற கடனைப் பார்த்தவர்கள் நாம். வட்டியில்லாமல் கடன் கொடுக்க வருகிறான் என்றால் அவன் கண் நிலத்தின் மேல் இருக்கிறது என்று நம் கிழவிகள் சொல்வார்கள். அப்படியே ஆயிற்று. கடன் பத்திரத்தில், நினைத்த நாளில் கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டு 23ந் தேதி அதானி குழுமம் அந்தக் கடன் கொடுத்த கம்பெனியையே வாங்கிவிட்டதாக அறிவித்தது. அதன் வழியாகத் தொலைக்காட்சியின் 29.18 சதவீதப் பங்கு கைமாறும் நிலை வந்தது. மேலும் 26 சதவீதத்துக்குக் கை நீட்டினார்கள். நவம்பர் 29ந் தேதி ராய் தம்பதிகள் தங்கள் நிறுவனத்தின் இயக்குநர் பதவிகளை விட்டு இறங்கினார்கள். மறுநாளே ரவீஷ் குமார் ராஜினாமாச் செய்தார்.

ரவீஷ் குமார் யார்? வேலையில்லாத இளைஞர்கள், நடக்காத பரீட்சைகள், ஆசிரியரில்லாத கல்லூரிகள் ஆகியவற்றைப் பற்றி நாள் கணக்கில், வாரக் கணக்கில் பேசிய நெறியாளர். 2019ல் மகசேசே விருது பெற்றவர். ஆள்வோர் மடியில் ஏறி உட்கார்ந்த ஊடகங்களுக்கு "மடி ஊடகம்" என்று இந்தியில் பெயர் சூட்டியவரும் அவரே. அவரை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. வீட்டையே விலைக்கு வாங்கிவிட்டால் குடியிருப்பவனைத் தள்ள வேண்டியதில்லை அல்லவா?

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். "பயமில்லாமல் பேசுகிறோம்" என்று விளம்பரம் செய்துகொண்டு தினமும் இரவில் ஒரு மதத்தாரை இன்னொரு மதத்தார் மீது ஏவிவிடும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். இவர்கள் யாருக்குப் பயப்பட வேண்டும்? முதலாளி இவர்கள் பக்கம், சர்க்கார் இவர்கள் பக்கம். 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டே தொலைக்காட்சியில் நடக்கும் வெறுப்புப் பேச்சைக் கண்டித்து, சர்க்கார் ஏன் வாய்மூடி வேடிக்கை பார்க்கிறது என்று கேட்டது. அதற்காக இந்த நாற்காலிகள் காலியாகவில்லை. 2023 செப்டம்பரில் எதிர்க்கட்சிகளின் 'இந்தியா' அணி, 14 நெறியாளர்களின் நிகழ்ச்சிக்குப் போவதில்லை என்று பட்டியல் வெளியிட்டது. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால், எய்தவன் இருக்க அம்பை நொந்தால் போதாது என்பது நமது அபிப்பிராயம். அந்த 14 பேரும் நாளைக்கே போனாலும், முதலாளி வேறு 14 தொண்டைகளைக் கூலிக்கு அமர்த்துவான்.

மாநில சர்க்கார்களும் இந்த வித்தையில் சளைத்தவை அல்ல. 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய ஒரு விவாதத்துக்காக, அந்தத் தொலைக்காட்சியின் மீதும் நிருபர் மீதும் அன்றைய அ.தி.மு.க. ஆட்சியில் போலீஸ் வழக்குப் போட்டது. அரசு கேபிளில் அந்த ஒளிபரப்பு கண்ணுக்குத் தெரியாத கடைசி எண்களுக்குத் தள்ளப்பட்டது. யார் ஆட்சியில் இருந்தாலும் கேபிளின் குழாயைத் திருகும் அதிகாரம் மந்திரிகளிடம் இருக்கக் கூடாது.

"தோழரே, லட்சக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு வேலை போனால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெரிய நெறியாளர்கள் பட்டினி கிடக்கப் போவதில்லை. அவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடும்படி நாம் சொல்லவும் இல்லை. ஆனால் தீப்பெட்டி ஒட்டுகிற பெண்ணுக்குக் கட்டுக் கணக்கில் கூலி கொடுப்பதுபோல், செய்திக்கு இவ்வளவு என்று துண்டுக் கூலி வாங்குகிற வட்டார நிருபர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காமிரா தூக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர் இருக்கிறார்கள். கோட்டுப் போட்ட பெரியவரின் சீட்டே கிழியும்போது, சாத்தூரில் நிற்கிற துண்டுக் கூலி நிருபர் எந்த ஆலை முதலாளியைப் பற்றி வாய் திறப்பார்?

நமது ஜில்லாவில் இது உயிர்ப் பிரச்னை. 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12ல் அச்சன்குளம், 2025 ஜூலை 1ல் சின்னக்காமன்பட்டி! ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சி வண்டிகள் வரிசையாக வந்தன. சாவு எண்ணிக்கை திரையின் அடியில் ஓடியது. நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. அழுகிற தாயின் முகம் பத்துத் தடவை காட்டப்பட்டது. பிறகு வண்டிகள் திரும்பிவிட்டன. லைசென்சு யார் பெயரில், உள்குத்தகை யார் கையில், ஒரு அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள் என்ற கேள்விகளை விடாமல் கேட்க, வேலை போகுமோ என்ற பயமில்லாத நிருபர் தேவை.

"பணம் போட்டவன் முதலாளி, அவன் இஷ்டப்படி ஆள் வைப்பான், எடுப்பான்" என்பார்கள் கம்பெனித் துரைமார்கள். மில் முதலாளியும் இதையேதான் சொன்னான். சட்டமும் சங்கமும் வந்து அவன் வாயை அடைத்தன. தவிர, ஒளிபரப்பு போகிற ஆகாயம் எவனுடைய பாட்டன் சொத்தும் அல்ல. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெரிய தொழில் கம்பெனிகளும் அரசியல் கட்சிகளும் தொலைக்காட்சிக்குள் நுழைவதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று டிராய் ஆணையம் 2014 ஆகஸ்டில் சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசு தூசி படிந்து கிடக்கிறது.

1955ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. ஆசிரியரை நீக்க 6 மாதம், மற்றப் பத்திரிகையாளரை நீக்க 3 மாதம் நோட்டீசு என்று அது சொன்னது. சம்பள போர்டும் கொடுத்தது. ஆனால் அது அச்சுப் பத்திரிகைக்கான சட்டம். தொலைக்காட்சித் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. 2025 நவம்பர் 21ல் மோடி சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புகளை அமலாக்கியபோது அந்தச் சட்டமே மறைந்தது. புதிய தொகுப்பில் தொலைக்காட்சிக்காரர்களின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய சம்பள போர்டைப் புதைத்துவிட்டார்கள். நம்முடைய சட்டங்களைப் பறித்த அதே கைதான் அவர்களுடையதையும் பறித்தது.

எனவே டிராய் சிபாரிசை அமலாக்கு என்றும், தொலைக்காட்சித் தொழிலாளருக்கு நோட்டீசு உரிமையும் சம்பள போர்டும் கொடு என்றும் நமது சங்கங்கள் தீர்மானம் போட வேண்டும். வட்டார நிருபர்கள் சங்கம் அமைக்க முன்வந்தால் யூனியன் ஆபீசின் சாவியை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். எங்கேனும் மறுபடி ஓர் ஆலை வெடித்து, மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு நிருபர் வந்தால், நமது யூனியன் செயலாளர்கள் இரண்டு பெயர்களை அவர் காதில் போட வேண்டும்: லைசென்சுதாரன் பெயர், உள்குத்தகைக்காரன் பெயர். அன்று ராத்திரி சூலக்கரை டீக்கடையில் உட்கார்ந்து, அந்த இரண்டு பெயர்களும் திரையில் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் மறுநாள் அந்த நிருபரிடம் கோபிக்காதீர்கள். அதை வெட்டியவன் யார் என்று அவரிடமே கேளுங்கள்.