கட்டிப் போட்டு அறுக்கும் வழக்கம் ஒழியட்டும்

ஆண் குதிரைக்குக் காயடிப்பது என்றால் பல ஊர்களில் இன்றும் ஒரே முறைதான். நான்கு கால்களையும் கயிற்றால் பிணைத்து, ஐந்தாறு பேர் சேர்ந்து கீழே தள்ளி, தலைமேல் ஒருவர் உட்கார்ந்துகொள்ள, வேலையை முடித்துவிடுவார்கள். 'கால் மணி நேர வேலைக்கு மயக்க மருந்து எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கால் மணி நேரத்துக்காகவே உருவான மயக்க முறை ஒன்று இருக்கிறது. குதிரை வளர்ப்போர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்டுப் பெறவும் வேண்டும்.

நாட்டில் குதிரைகள் குறைந்து வருகின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம்தான். 2012 கணக்கைவிட இது 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஆனாலும் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை விற்பவரும் வாங்குபவரும் இருக்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல், மெரினா என்று சவாரிக் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்குக் குதிரைதான் முதல். அது போனால் பிழைப்பும் போகும்.

கட்டிப் போடுவதில் என்ன ஆபத்து? குதிரை, பயந்தால் ஓடித் தப்பும் பிராணி. ஓட முடியாமல் கட்டினால் முழு பலத்தையும் திரட்டித் திமிறும். அதில் கால் எலும்போ முதுகெலும்போ முறியலாம். உதை வாங்கி மனிதர் சாகவும் கூடும். வலியில் துடிக்கும் விலங்கிடம் இரத்தக் குழாயை ஒழுங்காக நசுக்கி அடைக்க முடியாது, சுத்தத்தையும் காக்க முடியாது. பின்னால் வரும் இரத்தப்போக்குக்கும் சீழுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

நரம்பு வழி மயக்கத்துக்கு இயந்திரமோ ஆக்சிஜன் உருளையோ கட்டாயமில்லை. கழுத்து நரம்பில் இரண்டு ஊசிகள் போதும். முதலில் சைலசின். சில நிமிடங்களில் தலை தாழும், உதடு தொங்கும், சத்தம் கேட்டாலும் சட்டை செய்யாது. அந்த நிலை வந்த பிறகே கீட்டமின், பெரும்பாலும் டயஸிபாம் சேர்த்து. ஓரிரு நிமிடத்தில் குதிரை படுத்துவிடும். வேலை செய்யக் கிடைப்பது 10 முதல் 20 நிமிடம். விதைப்பையில் லிக்னோகெய்னும் போட்டால் வலி இன்னும் அடங்கும், மயக்கமும் நிலையாக இருக்கும்.

இங்கே வரிசைதான் உயிர்நாடி. முதல் மருந்து நன்றாகப் பிடிக்கும் முன் கீட்டமினைப் போட்டால் தசைகள் விறைத்து, குதிரை வெறிபிடித்ததுபோல் ஆகிவிடும். 'சீக்கிரம் போடுங்க டாக்டர்' என்று மருத்துவரை அவசரப்படுத்தாதீர்கள். கழுத்து நரம்புக்குப் பக்கத்திலேயே மூளைக்குச் செல்லும் தமனி ஓடுகிறது. மருந்து தவறி அதில் இறங்கினால் குதிரை அந்த இடத்திலேயே வலிப்பு வந்து விழும். எனவே இது கால்நடை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. ஊசி போடத் தெரிந்த எவரும் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் பங்கும் இருக்கிறது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எடை மேடை இல்லாவிட்டால் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் தோராய எடை கிலோவில் கிடைக்கும். இரண்டும் 150 செ.மீ. என்றால் சுமார் 284 கிலோ.

இடம் கல், கம்பி, பள்ளம் இல்லாத புல்தரையாக இருக்கட்டும். வெயில் ஏறும் முன் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக் கூட்டம் வேண்டாம். குதிரை படுத்ததும் தலைக்கயிற்றின் கொக்கி கன்னத்தில் அழுந்தாதபடி கழற்றிவிடுங்கள். அழுந்தினால் முக நரம்பு செயலிழந்து உதடு கோணிவிடும். கண்ணைத் துணியால் மூடுங்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தால் அடியில் இருக்கும் முன்னங்காலை முன்னே இழுத்து விடுங்கள்.

எழும்பும் நேரம்தான் அதிக ஆபத்தானது. அடித்தோ இழுத்தோ எழுப்பக் கூடாது. தானே மார்பில் நிமிர்ந்து, சற்றுப் பொறுத்து எழும். பெரும்பாலான குதிரைகள் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். தள்ளாட்டம் நிற்கும்வரை தீனி வைக்காதீர்கள். மறுநாள் முதல் தினமும் நடக்க விட்டால் வீக்கம் வடியும். எண்ணக்கூடிய சொட்டுகளாக இரத்தம் கசிந்தால் பயமில்லை. தாரையாக ஓடினாலோ, புண் வழியே குடல் எட்டிப் பார்த்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள். குதிரைக்கு ரண ஜன்னி எளிதில் வரும் என்பதால் அதற்கான தடுப்பூசி கட்டாயம்.

மயக்க மருந்தில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2002-ல் வெளியான பெரிய ஆய்வு 41,824 குதிரைகளைக் கணக்கில் எடுத்தது. குடல் நோவு அல்லாத அறுவைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு குதிரை இறந்தது. முழுக்க நரம்பு வழியே மயக்கம் பெற்றவற்றில் இது 0.3 சதவீதம் அளவுக்குக் குறைவு. அவை பெரும்பாலும் குறுகிய அறுவைகள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆபத்து சிறிது என்பதற்காக அலட்சியம் கூடாது, ஆபத்து உண்டு என்பதற்காகக் கயிற்றுக்குத் திரும்பவும் கூடாது.

சட்டமும் இதையே சொல்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே உணர்வகற்றும் மருந்து கொடுத்துக் காயடிக்க வேண்டும் என்கின்றன. ஆனால் மருந்து கைக்கு எட்ட வேண்டுமே! கீட்டமின் போதைக்குத் தவறாகப் பயன்படுவதால் 2013-ல் 'எக்ஸ்' அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தனி உரிமம், பூட்டிய அலமாரி, பதிவேடு எல்லாம் வேண்டும். கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள இந்த மருந்து, கணக்கு எழுதும் தொல்லைக்குப் பயந்து கிராமத்துக்கு வராமலே போகக் கூடாது.

கால்நடை பராமரிப்புத் துறைக்கு மூன்று கோரிக்கைகள். குதிரைகள் உள்ள பகுதிகளின் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இம்மருந்துகள் பதிவேட்டுடன் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். ஆடு, மாடுகளையே அதிகம் பார்க்கும் கள மருத்துவர்களுக்குக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் செய்முறைப் பயிற்சி தர வேண்டும். அந்தியூர்ச் சந்தை நாட்களில் ஆலோசனை முகாம் நடத்தி, அறுவைக்கு முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை குதிரைக்குக் காயடிக்க நினைத்தால் கயிற்றையும் ஆட்களையும் தேடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு வாரம் முன்பே போய், 'மயக்க ஊசி போட்டுச் செய்யுங்கள்' என்று கேளுங்கள். இருப்பில் இல்லை என்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் மருந்து வரும்.