தவளை இரையும் தூண்டிற்கோலும்



அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் தம் மகனுக்கு நம் இதழை மாதந்தோறும் தவறாது அனுப்பிவைக்கும் பெரியவர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ளார். 12 வயதுப் பேரன் பிறந்தநாள் பரிசாகத் தூண்டிற்கோல் கேட்கிறானாம். ஏரியில் பாஸ் மீனுக்குத் தவளை வடிவ இரை எறிந்து பிடிக்க வேண்டும் என்பது அவன் ஆவல். கடையிலோ நூற்றுக்கணக்கில் கோல்கள் நிற்கின்றன. "எல்லாம் கோல்தானே, மலிவான ஒன்றை வாங்கிக் கொடு என்று எழுதிவிட்டேன். சரிதானா?" என்று வினவுகிறார்.

மலிவானது என்பதில் தவறில்லை. எல்லாம் கோல்தான் என்பதுதான் சரியன்று.

பாஸ் வட அமெரிக்க நன்னீருக்கு உரிய மீன். அல்லி இலைகளின் கீழும் வேலம்பாசிப் படலத்தின் நிழலிலும் அசையாமல் கிடக்கும். மேலே தவளையோ சிறு மீனோ நீந்திவரின் நீரைப் பிளந்துகொண்டு பாயும். நம் குளத்து விராலை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இரண்டும் வேறு குலத்தவையாயினும் பசியின் முறை ஒன்றே. நம்மூரில் விராலுக்கு உயிர்த் தவளையை முள்ளில் கோப்பார்கள். அங்கே செயற்கைத் தவளையை எறிகிறார்கள். மிச்சிகன் மாநிலத்து டொவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்னும் தேனீ வளர்ப்பாளர், பொழுதுபோக்காய்ச் சீவிக்கொண்டிருந்த மரத்துண்டைக் குளத்தில் வீச, பாஸ் ஒன்று பாய்ந்து அதைக் கவ்வியதாகவும், அதிலிருந்தே அவர் மரத்தவளை செதுக்கத் தொடங்கியதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், 1890களில் அவர் கையால் செதுக்கிய தவளைகள் உண்மை.

இக்காலத்துச் செயற்கைத் தவளை உட்குழிவான மென்பொருளால் ஆனது. அதன் முதுகோடு ஒட்டி இரண்டு தடித்த முட்கள் மேல்நோக்கி அமைந்திருக்கும். ஆதலால் இலையிலும் பாசியிலும் சிக்காமல் வழுக்கிச் செல்லும். மீன் கவ்வும்போது உடல் அமுங்க, முட்கள் வெளிப்படும். அத்தடித்த முள் மீனின் எலும்பு வாயில் இறங்க வேண்டுமானால் வலிய இழுப்பு வேண்டும். இறங்கிய மறுகணமே மீனின் தலையை மேலே திருப்பி, கொடிகளுக்குள் புகவிடாது இழுத்துவர வேண்டும். வளைந்து கொடுக்கும் மெல்லிய கோலால் இவ்விரண்டும் ஆகா.

நீர்மட்டத்தில் ஓடும் பிற இரைகளோ நேர்மாறானவை. இடமும் வலமும் தலையை ஆட்டிச் செல்லும் நீண்ட இரை, குழிந்த வாயால் நீரைத் தெறிக்கவிடும் இரை ஆகியவற்றில் மெல்லிய மும்முனை முட்கள் தொங்கும். அவை எளிதில் தைக்கும். எளிதில் பிய்த்துக்கொள்ளவும் செய்யும். விறைத்த கோலால் வெடுக்கென்று இழுத்தால் மீனின் வாய் கிழியும், இரையும் கழன்றுவிடும். ஆகவே பாதி வரையிலும் வளைந்து, மீனின் துள்ளலைத் தாங்கிக்கொள்ளும் கோல் இவற்றிற்கு வேண்டும்.

கடையில் நிற்கும்போது நோக்க வேண்டியது பிடிக்குச் சற்று மேலே பொறித்திருக்கும் சிறு எழுத்துகளை. அங்கே இரண்டு சொற்கள் காணப்படும். ஒன்று கோலின் வலிமை. மற்றொன்று அது எவ்விடத்தில் வளைகிறது என்பது. பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றனர். 'ஹெவி' என்றால் வளைக்க மிகுந்த விசை தேவை. 'ஃபாஸ்ட்' என்றால் நுனிப்பகுதி மட்டுமே வளையும், அடிப்பகுதி நிமிர்ந்து நிற்கும். தவளைக்கு ஹெவி, ஃபாஸ்ட். நீளம் 7 அடி முதல் ஏழரை அடி வரை. மும்முனை முள் இரைகளுக்கு மீடியம் அல்லது மீடியம் ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட். நீளம் ஆறரை அடி முதல் 7 அடி. அதே இடத்தில் எத்தனை அவுன்ஸ் எடையுள்ள இரைக்கு உரியது என்பதும் குறித்திருக்கும். தவளைகள் பெரும்பாலும் அரை அவுன்ஸ் முதல் முக்கால் அவுன்ஸ் வரை எடையுள்ளவை. அது அவ்வெல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தவளைக்கோல் என்பதற்காக உலக்கையைப் போன்றதைத் தேடவும் வேண்டா. நுனியில் சிறிது நெகிழ்வு இல்லாவிடில் இரையைத் தொலைவில் எறியவும் இயலாது, உயிருள்ளதுபோல் அசைக்கவும் இயலாது.

நூல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தவளைக்கு 50 முதல் 65 பவுண்டு வரை தாங்கும் பின்னல் நூல். அது நீளாது, மிதக்கும், பாசித் தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும். மற்ற இரைகளுக்குச் சாதாரண நைலான் தங்கூசியே நன்று. அது சற்றே நீண்டு கொடுப்பது மீனுக்கும் நல்லது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு சிறுவன் விளையாட்டுக்குத் தேவையா என்று பெரியவர் கேட்கக்கூடும். தேவைதான் என்பேன். மெலிந்த கோலோடும் மெலிந்த நூலோடும் அல்லிப் படலத்தினுள் தவளையை எறியும் பையனுக்கு மீன் கவ்வும். ஆனால் வெளியே கொண்டுவர இயலாது. மீன் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும், நூல் அறும். வாயில் முள்ளும் பின்னால் நூலுமாய் அது அவ்விடத்திலேயே கட்டுண்டு கிடந்து சாகலாம். பையனுக்கு இழப்பு ஒரு ரப்பர்த் தவளை மட்டுமே. உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதை நம் திருச்சபை தடுக்கவில்லை. ஆனால் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கே முரணானது என்று 1992ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில் கற்பிக்கிறது. நற்செய்தி நூல்களில் வலைகளுக்குக் குறைவில்லை. தூண்டில் வருவதோ ஓரிடத்தில்தான். மத்தேயு 17ஆம் அதிகாரத்தில், வரி செலுத்துவதற்காகப் புனித இராயப்பரைக் கடலுக்கு அனுப்புகிறார் ஆண்டவர். அங்கேயும் தேவைக்கு ஒரு மீன், ஒரு நாணயம்.

இனிப் பேரனுக்கு வருவோம். ஏழரை அடி ஹெவி கோல் 12 வயதுக் கைக்கு மிகை. நுனியைத் தாழ்த்தி இரையை அசைக்கும்போது அது நீரில் அடிபடும். அரைமணியில் மணிக்கட்டு நோகும். ஒரே கோல்தான் வாங்க முடியும் என்றால், 7 அடிக்கு மேற்படாத மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் கோலும் 50 பவுண்டு பின்னல் நூலும் போதும். அதைக்கொண்டு படலத்தின் ஓரங்களில் தவளையை எறியலாம். அடர்ந்த நடுப்பகுதியை விட்டுவிட வேண்டும். இதனைத் தந்தை உறுதியாகச் சொல்லவேண்டும். மும்முனை இரைகளையும் இதே கோலால் எறியலாம். இழுக்கும்போது மட்டும் கை மென்மையாக இருக்கவேண்டும். பெயர்பெற்ற முத்திரைக்காகப் பணம் கொட்ட வேண்டா. பத்துத் தவளை வாங்கும் பணத்தை மிச்சப்படுத்தி, இரண்டு தவளையும் முள் கழற்றும் நீண்ட இடுக்கியும் கண்ணாடியும் வாங்கலாம். பாய்ந்து தெறிக்கும் முள் கண்ணுக்குப் பகை. முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால், திருப்பிவிட வேண்டிய மீனை நோகாமல் விடலாம்.

நீர் வெடித்ததும் பையன் வெடுக்கென்று இழுப்பான். தவளை முகத்துக்கு நேரே பறந்துவரும். எல்லாரும் முதலில் இப்படித்தான் செய்கின்றனர். கோலைத் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றி, மீனின் பாரம் கையில் தெரிந்த பின்னரே இழுக்கவேண்டும்.

டெக்சாஸில் பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைந்த பெரியவாய்ப் பாஸை நீரில் விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் கொள்ளலாகாது. சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டாதலால் புறப்படுமுன் கேட்டறிக. 17 வயது நிரம்பாதவர்க்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. தந்தையும் தூண்டில் போடுவாராயின், அவர் தமக்கு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.