எதைக் கழிப்பது?

கணினியில் உள்ளவற்றுக்கெல்லாம் ஒரு காப்புப் படி எடுத்து வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நம்மவருள் பலர் எண்ணியிருக்கின்றனர். தீரவில்லை, தோழர்களே! படிகள் பெருகப் பெருகப் புதுக் கவலை ஒன்று வளர்கிறது.

பேக்கப் சர்வர் கோப்புகளைப் படியெடுப்பதோடு நிற்பதில்லை. எந்தக் கோப்பு, எந்நாளில் எடுத்த படி, எங்கே கிடக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. அந்தப் பேரேடே அதன் தரவுத்தளம். ஒரு லட்சம் கோப்புகளை இரவுதோறும் முழுமையாகப் படியெடுத்தால், முப்பதே நாளில் 30 லட்சம் வரிகள்! பேரேடு பெருத்தால் தேடல் தளரும், வட்டு நிரம்பும், நிரம்பிய அன்று படியெடுப்பே நின்றுபோகும்.

அளவுக்கு அஞ்சிப் படியே எடுக்காமல் விடுவதும் பெருங்கேடு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. வெளியே படி இல்லை. ஏன்? அளவு மிகப் பெரிது என்பதே சொல்லப்பட்ட காரணம்!

ஆகவே அளவை ஆளத்தான் வேண்டும். வழி இல்லாமல் இல்லை. வாரம் ஒரு முறை முழுப் படி. இடைநாட்களில் மாறியவை மட்டும். நாளொன்றுக்கு ஆயிரம் கோப்புகள் மாறினாலும், மாதத்துக்கு ஏறத்தாழ நாலேகால் லட்சம் வரிகளில் கணக்கு முடிந்துவிடும். வரிகளுக்குத் தவணை வைத்து, காலம் கடந்தவற்றைக் கழிக்கலாம். ஆனால் கழித்ததும் தரவுத்தளம் சுருங்கிவிடாது. போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் வெற்றிடம் உள்ளேயே இருந்து, புதிய வரிகளுக்குப் பயன்படும். வட்டில் இடம் திரும்ப வேண்டுமானால் தரவுத்தளத்தையே ஒருமுறை இறுக்கிக் கட்ட வேண்டும்.

இவையெல்லாம் தொழில்நுட்பம். நான் வழக்காட வந்தது வேறொன்றுக்கு. தவணையை வகுப்பது யார்? "ஓராண்டாக எவரும் திறக்காததை அழி" என்ற விதி பார்வைக்கு நடுநிலையானது. ஆனால் அதன் வாள் முதலில் யார் கழுத்தில் விழும்? சிலரே படிக்கும் மொழியின் கோப்பு குறைவாகத்தானே திறக்கப்படும்!

நான் நெய்யாற்றங்கரை வட்டத்துத் திருப்புறத்தான். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் உள்ள தமிழனின் பழைய பத்திரத்தையும் பள்ளிப் பதிவையும் நாள்தோறும் யார் கேட்பார்? நிலத்தில் வழக்கு வரும்போதோ, பேரன் ஒருவன் தன் குடிவழியைத் தேடும்போதோதான் கேட்பார்கள். அந்த ஒருநாள் ஓராண்டுத் தவணைக்குள் வந்தாக வேண்டுமா?

படியை அழிக்காமல் பேரேட்டு வரியை மட்டும் அழித்தாலும் துன்பமே. கோப்பு எங்கோ கிடக்கும். இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளிராது. திருவனந்தபுரத்தில் மதிலகம் ஓலைச் சுருணைகள் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை அன்றாடம் கேட்போர் எத்தனை பேர்? கேட்பாரில்லை என்று அன்றே எரித்திருந்தால், திருவிதாங்கூரின் வரலாற்றை இன்று எதைக்கொண்டு எழுதுவது?

கழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே கோப்பின் நூறு படிகளைக் கழியுங்கள். மீண்டும் இறக்கிக்கொள்ளக் கூடிய மென்பொருளைக் கழியுங்கள். உலகில் வேறெங்கும் இல்லாததை, எத்தனை ஆண்டு தூசி படிந்தாலும், தொடாதீர்கள்.

நம் மன்றம் மூன்று கேட்க வேண்டும். அழிக்கும் முன் பட்டியலைக் காட்டுக. அப்பட்டியலைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். பருவத்துக்கு ஒருமுறை சில கோப்புகளையேனும் படியிலிருந்து மீட்டுக் காட்டுக. மன்ற மலர்களும், சொற்பொழிவுப் பதிவுகளும், நமக்குப் பின் வருவோர் உடைமை. அவற்றின் விதியை யாரோ ஒருவர் அமைத்த தவணைக்கு விட்டுவிட்டு நாம் வாளாவிருக்கலாமா?