வயல்வேலை செய்பவருக்கும் சர்க்கரை வரும்

திட்டக்குடி, பெண்ணாடம் பக்கம் வெயிலில் களையெடுக்கும் கர்ப்பிணிக்குச் சர்க்கரை எங்கே வரப்போகிறது? வயது கூடியவர், பருமனானவர், பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர் என்று ஆபத்தைக் கணித்து, அவர்களை மட்டும் சோதித்தால் போதாதா? சிக்கனமாகத் தோன்றும் இந்த வாதம் ஆபத்தானது.

டாக்டர் வி. சேஷையா குழுவினர் தமிழ்நாட்டில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை நகரத்தில் 17.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம். கிராமத்தில் குறைவுதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர்! அவர்களில் ஒல்லியானவர்களும் இளம்வயதினரும் உண்டு; ஆபத்துப் பட்டியல் அவர்களைக் கைவிட்டுவிடும்.

சோதனையும் எளிது. வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் உணவுக்கட்டுப்பாடு, தேவைப்பட்டால் மருந்து. முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். காலையில் கஞ்சி குடித்துவிட்டு பஸ் ஏறி வருபவருக்கு இதைவிடத் தோதான சோதனை ஏது?

ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தத்தில் ஆபத்துக் கணிப்புக்கு மெய்யான பயன் இருக்கிறது. 2017இல் வெளிவந்த ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில், ஆபத்து அதிகமென்று கணிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மருத்துவர் மேற்பார்வையில் 11–14 வாரத்திலிருந்து ஆஸ்பிரின் எடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் முடியும் முன்சூல்வலிப்பு (கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல்) ஆஸ்பிரின் எடுக்காதவர்களிடம் 4.3 சதவீதம்; எடுத்தவர்களிடம் 1.6 சதவீதம்தான். அங்கே கணிப்பு கூடுதல் பாதுகாப்புக்கு ஆள் தேர்ந்தது. மற்றவர்களின் கையில் பிரஷர் பட்டையைக் கட்டாமல் அனுப்பச் சொல்லவில்லை.