படகு வாங்குமுன் நாள்களை எண்ணுவோம்

கோதாவரிக் கரையில் ஒரு பழமொழி உண்டு: தாலியை விற்றாவது புலசை தின்ன வேண்டும். புலசை என்பது தனி மீன் அன்று. வங்காள விரிகுடாவில் வாழும் ஹில்சா, தமிழகக் கடற்கரையில் உல்லம் என்று அழைக்கப்படும் அதே மீன், மழைக்காலத்துச் செந்நீர் கடலில் கலக்கத் தொடங்கியதும் முட்டையிடுவதற்காக ஆற்றை எதிர்த்து ஏறுகிறது. அப்படி ஏறி வந்த மீனுக்குத்தான் புலசை என்ற பெயரும் பெருமையும். தவளேஸ்வரம் அணைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஆற்றுக் கிளைகளில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஏனாம் கரை உட்பட, மழைக்காலத்தின் சில வாரங்களுக்கு மட்டும் இது கிடைக்கிறது. ஒற்றை மீன் பல ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போனது என்ற செய்தியும் அந்த வாரங்களில் நாளேடுகளில் இடம்பெறுகிறது.

தின்பவர் தாலியை விற்பது பற்றிப் பழமொழி பேசுகிறது. பிடிப்பவர் தாலியை அடகு வைப்பது பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஏலச் செய்தியைக் கேட்ட ஆற்று மீனவர் ஒருவர், இனியும் பிறர் படகில் பங்குக்குப் போவதா, நமக்கென ஒரு படகு வாங்கிவிட்டால் என்ன என்று எண்ணுவது இயல்பு. வீட்டில் இருக்கும் நகை அப்போது கண்ணில் படுவதும் இயல்பு.

ஆற்று மீனவர் சொந்தப் படகு வாங்குவது பெரும்பாலும் நல்ல முடிவே என்பது நம் கருத்து. ஆயினும் அந்த முடிவை மீனின் விலையைப் பார்த்து எடுக்கலாகாது. ஆண்டில் எத்தனை நாள் படகு ஆற்றில் இறங்கும் என்பதை எண்ணிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

பங்கில் தொடங்கும் கணக்கு

சொந்தப் படகு இல்லாதவர் இன்று என்ன இழக்கிறார் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவோம். பிறர் படகில் தொழிலுக்குப் போகிறவர், விற்ற மீனின் பணத்தில் எரிபொருள், பனிக்கட்டிச் செலவுகளைக் கழித்தபின் படகுக்கென ஒரு பங்கை உரிமையாளரிடம் விட்டுவிடுகிறார். படகு சொந்தமானால் அவர் கைக்கு வரும் கூடுதல் வருமானம் அந்தப் பங்கு மட்டுமே. பிடிபடும் மீன் முழுவதும் புதிய வருமானம் என்று நினைப்பதுதான் முதல் பிழை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்திற்கானவை. அவரவர் ஊரின் தொகையைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். படகு, வலை, சிறிய இயந்திரம் ஆகியவற்றுக்கு மொத்தம் 2,00,000 ரூபாய். கையிருப்பு 50,000, கடன் 1,50,000. ஐந்தாண்டுத் தவணை, ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 3,187 ரூபாய்; ஆண்டுக்கு 38,250 ரூபாய். பராமரிப்புக்கு 12,000, படகுக் காப்பீட்டுக்கு 4,000 என்று சேர்த்தால் ஆண்டுச் செலவு 54,250 ரூபாய்.

சாதாரண நாளில் செலவு போக 900 ரூபாய் மிஞ்சுகிறது. அதை இரண்டு ஆட்களும் படகும் மூன்று பங்காகப் பிரிக்கிறார்கள் என்று கொண்டால், படகின் பங்கு நாளொன்றுக்கு 300 ரூபாய். 54,250 ரூபாயை 300 ரூபாய் வீதம் ஈட்ட 181 நாள் வேண்டும். ஆண்டில் 200 நாள் ஆற்றில் இறங்குபவருக்குப் படகு இலாபம். 120 நாள் மட்டுமே இறங்க முடிந்தவர், படகுக்கு உரிமையாளர் என்ற பெயரோடு, முன்பைவிடக் குறைவாகவே வீட்டுக்குக் கொண்டுபோவார்.

ஐந்தாண்டு கடந்து கடன் தீர்ந்துவிட்டால் இதே படகுக்கு ஆண்டில் 54 நாள் போதும். படகை நல்ல முதலீடு என்று நாம் சொல்வதற்குக் காரணம் அந்தப் பிற்காலம்தான். இடையில் உள்ள ஐந்தாண்டைத் தாண்ட முடியுமா என்பதே உண்மையான கேள்வி.

இந்தக் கணக்கில் புலசையைச் சேர்க்கக் கூடாது என்பது நம் உறுதியான எண்ணம். அது கிடைக்கும் காலமும் ஆறு பெருக்கெடுக்கும் காலமும் ஒன்றே. தவளேஸ்வரத்தில் வினாடிக்கு 10 லட்சம் கன அடி நீர் செல்லும்போது முதல் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. அத்தகைய நாள்களில் சிறு படகு கரையில்தான் இருக்க வேண்டும். விலை உச்சத்தில் இருக்கும் நாளும் படகு இறங்க முடியாத நாளும் பல வேளைகளில் ஒன்றாகிவிடுகின்றன. சாதாரண மீனைக் கொண்டே தவணை கட்ட முடியுமானால் வாங்கலாம். புலசை கிடைத்தால் அது தவணையை முன்கூட்டி அடைக்க உதவட்டும்.

ஆறும் என்றும் ஒரேபோல் இருப்பதில்லை. கங்கையில் ஃபராக்கா தடுப்பணை 1975-இல் செயல்பாட்டுக்கு வந்தபின், அதற்கு மேலே அலகாபாத் வரை ஏறிச்சென்ற ஹில்சாவின் வரவு பெரிதும் குறைந்துபோனது. படகின் ஆயுள் முடியுமுன்னே ஆற்றின் வருமானம் மாறிவிடலாம். ஒரே மீனை நம்பி நீண்ட காலக் கடனில் இறங்குவதற்கு நாம் தயங்குவது இதனால்தான்.

எந்த ஆற்றுக்கு எந்தப் படகு

ஹில்சாவை ஆற்றில் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. செவுள் வலையை ஆற்றின் குறுக்கே விரித்து, வலையும் படகுமாக நீரோட்டத்தோடு மிதந்துசெல்ல விடுவார்கள். கீழே மிதந்து வருவதற்குச் செலவில்லை. மீண்டும் மேலே ஏறுவதற்குத்தான் உழைப்போ எரிபொருளோ தேவை. ஆகவே படகின் எடை என்பது அழகு சார்ந்த செய்தியன்று. அன்றாடச் செலவு சார்ந்த செய்தி.

மரப்படகு கனமானது. ஆண்டுதோறும் கரையேற்றி, பலகை இடுக்குகளை அடைத்து, எண்ணெயோ தாரோ பூச வேண்டும். ஆனால் பழுதானால் ஊர்த் தச்சரே சரிசெய்துவிடுவார். கண்ணாடி இழைப் படகு இலேசானது, இடுக்கு அடைக்கும் வேலை இல்லை, மரம்போல் உளுத்துப்போவதில்லை. எனினும் பாறையில் மோதி விரிசல் கண்டால், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்று முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் பழுதுபார்க்கும் இடத்துக்குப் படகைக் கொண்டுசென்று திரும்பும் ஒவ்வொரு நாளும் மேலே சொன்ன 181 நாளில் கழியும்.

மணல்திட்டுகள் நிறைந்த ஆழமற்ற பகுதிக்குத் தட்டையான அடிப்பாகம் ஏற்றது. கடல் அலை எட்டும் முகத்துவாரத்தில் அதே தட்டைப் படகு தத்தளிக்கும். அங்கு அலையைப் பிளக்கும் கூரிய முன்புறம் வேண்டும். காவிரியிலும் துங்கபத்திரையிலும் பரிசலே போதுமான இடங்கள் பல உள்ளன. ஒருவரே தலையில் சுமந்து செல்லக்கூடிய பரிசலுக்குப் பெரிய கடன் தேவைப்படுவதில்லை. இன்னொரு ஆற்றில் ஓடுகிறது என்பதற்காக ஒரு படகை வாங்குவது, இன்னொருவர் காலுக்குத் தைத்த செருப்பை வாங்குவதற்கு ஒப்பானது.

எந்தக் கடன்

மீன்வளத் துறையினருக்கு 2018-19 நிதிநிலை அறிக்கையின் வழியே கிசான் கடன் அட்டை நீட்டிக்கப்பட்டது. 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் கடன். உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு மேலும் 3 சதவீதச் சலுகை. ஆக, வட்டி 4 சதவீதமாகக் குறைகிறது. இதைக் கேட்டதும், இந்த அட்டையைக் கொண்டே படகை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யலாகாது.

அந்த அட்டை நடைமுறைச் செலவுக்கானது. எரிபொருள், பனிக்கட்டி, கூலி போன்றவற்றுக்கு எடுத்து, மீன் விற்றதும் திருப்பிச் செலுத்தி, மீண்டும் எடுக்கும் சுழற்சிக்காக அமைந்தது. படகு தன் விலையை ஈட்டித் தர ஐந்தாண்டு ஆகும். குறுகிய காலத்தில் அடைக்க வேண்டிய பணத்தை ஐந்தாண்டுப் பொருளில் முடக்கினால், உரிய நாளில் அடைக்க முடியாது. வட்டிச் சலுகை கைநழுவும். வலை கிழிந்தால் புது வலை வாங்கவும் எரிபொருள் நிரப்பவும் கையில் பணம் இராது. படகுக்குத் தவணைக் கடன், அன்றாடச் செலவுக்குக் கடன் அட்டை என்று இரண்டையும் பிரித்து வைப்பதே முறை. நகைக்கடனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவர்களுக்கு மாற்றுப் படகும் வலையும் வழங்குவதும் ஓர் அங்கம். அத்திட்டத்தின் பயனாளிகளுக்கான மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். ‘மாற்றுப் படகு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முதன்முறையாகப் படகு வாங்குபவருக்கு அது பொருந்துமா, இப்போது விண்ணப்பிக்க வழி உண்டா என்பதை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் நேரில் கேட்டறிவது நன்று.

நம் எடுத்துக்காட்டில் 40 சதவீதம், அதாவது 80,000 ரூபாய் மானியமாகக் கிடைத்தால், கடன் 70,000 ரூபாயாகக் குறையும். தேவைப்படும் நாள்கள் 181-இலிருந்து 113 ஆகிவிடும். ஒரு குடும்பத்தின் முடிவையே மாற்றக்கூடிய வேறுபாடு இது. அதனால்தான் ஒப்புதல் ஆணை கைக்கு வருமுன் படகு கட்டுபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்கிறோம். வரும் என்று நம்பியிருந்த மானியம் வராமற்போனால் சுமை முழுவதும் தவணையில் ஏறும்.

படகுக்குக் காப்பீடு எடுக்கும்போதே படகோட்டிக்கும் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரருக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தருகிறது. ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், 50 வயதுக்குள் சேருவோருக்கு 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு தருகிறது. இவை மனிதருக்கானவை, படகின் சேதத்தை ஈடுசெய்யா. படகுக் காப்பீடு மனித உயிரை ஈடுசெய்யாது. இரண்டும் வேண்டும்.

வங்கியாளருக்கும் ஒரு சொல்

இதுவரை வாடிக்கையாளருக்குச் சொன்னோம். வங்கியாளர்களாகிய நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மாதத் தவணை என்பது மாதச் சம்பளம் வாங்குவோரை மனத்தில் கொண்டு பிறந்த ஏற்பாடு. ஆற்றுக்கு மாதச் சம்பளம் இல்லை. வெள்ளம் ஓடும் மாதத்தில் ஒன்றும் வராது. நீர் தணிந்த மாதங்களில் நன்றாக வரும். பயிர்க்கடனை அறுவடையோடு பொருத்தத் தெரிந்த நாம், படகுக் கடனைப் பருவத்தோடு பொருத்தத் தயங்குவதற்கு நியாயமில்லை. நல்ல மாதங்களில் கூடுதலாகவும் வெள்ள மாதங்களில் குறைவாகவும் தவணை அமைத்தால், ஆண்டின் மொத்தம் மாறாமலே ஒரு நேர்மையான கடன்தாரர் தவறியவர் பட்டியலில் சேராமல் காக்கப்படுவார். வாடிக்கையாளரும் இதைக் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டும். தவணை தவறியபின் கேட்பது சலுகை. முன்னரே கேட்பது திட்டமிடல்.

எவ்வாறு முடிவெடுப்பது? ஓர் ஆண்டு பொறுத்திருந்து, பங்குப் படகிலேயே போய்வந்து, ஒரு நோட்டில் மூன்றே செய்திகளை எழுதச் சொல்வோம்: இன்று இறங்கினோமா, என்ன கிடைத்தது, படகுக்கு எவ்வளவு விட்டோம். இறங்காத நாள்களை எழுத மறக்கலாகாது. வெள்ளமா, தடைக்காலமா, உடல்நலமா, வீட்டு விசேஷமா என்று காரணத்தையும் குறிக்கலாம். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால், கடன் கேட்கலாமா கூடாதா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

நாள்கள் போதவில்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறவினர் இருவர் சேர்ந்து ஒரு படகு வாங்கி, முறைவைத்து இறக்கலாம். அல்லது பரிசலில் தொடங்கலாம். நாள்கள் போதுமென்றால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். அடமானப் பத்திரங்களைப் பார்ப்பதற்கு முன் நாம் பார்க்க விரும்புவது அதைத்தான்.