கடைமடைப் பிள்ளைகள்

கல்லணையில் நீர் திறந்ததும் எல்லா வயல்களும் ஒரே நாளில் நனைந்துவிடுவதில்லை. தலைமடையில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டும் வேளையிலும், பேராவூரணிப் பக்கத்து உழவர் வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்பதுண்டு. இருவர் களத்து நெல்லையும் ஒரே மரக்காலால் அளந்து, "கடைமடைக்காரனுக்கு உழவு தெரியாது" என்று எவரேனும் தீர்ப்புரைத்தால், தஞ்சைத் தரணியில் சிறு பிள்ளையும் நகைக்கும். ஆனால் நம் பிள்ளைகளின் அறிவை அளக்கும்போது மட்டும் அதே தீர்ப்புக்குத் "தகுதி" என்று பெயரிட்டு, தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறோம்.

ஆண்டுதோறும் கோடையில் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும் பெற்றோரின் உதட்டில் ஒரே கேள்விதான்: "இத்தனை மதிப்பெண் எடுத்திருக்கிறாள், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?" தமிழகம் 1984 முதல் நுழைவுத் தேர்வை நடத்திப் பார்த்தது. அது நகரத்தாருக்கும் வசதியுள்ளோருக்குமே துணை நிற்கிறது என்று கண்டு, 2006-இல் இயற்றிய சட்டத்தால் அதனைக் கைவிட்டது. பத்தாண்டுக் காலம் மேனிலைத் தேர்வின் மதிப்பெண்ணே வாயிலைத் திறந்தது. 2017-இல் அகில இந்திய நீட் தேர்வு அந்த வாயிலை மூடியது.

அவ்வாண்டு அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த, சுமை தூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா, மேனிலைத் தேர்வில் 1200-க்கு 1176 பெற்றிருந்தார். பழைய முறையில் மருத்துவக் கல்லூரி அவருக்கு உறுதி. நீட் தேர்விலோ 720-க்கு 86. உச்சநீதிமன்றம் வரை சென்றும் வழி பிறக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். ஈராண்டுகள் ஒரு பாடத்திட்டத்தைக் கற்பித்துவிட்டு, வேறொரு பாடத்திட்டத்தில் தேர்வு வைத்தவர்கள் யார்? தோற்றது அந்தப் பெண்ணா, அவர்களா?

பழைய முறை பழுதற்றது என்று நாம் வாதிடவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்வித்த பள்ளிகளை நாம் அறிவோம். அவற்றுக்குப் பணம் கட்டியவர்களும் நம்மில் உண்டு. ஆனால் அந்நோய்க்கு மருந்தாக வந்தது எது? நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். மருத்துவ இடம் பெற்றோருள் தமிழ்வழியில் கற்றோர் நீட்டுக்கு முன் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்தனர்; 2017-18-இல் 2 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தனர். முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மீண்டும் முயன்று இடம் பெற்றோர் 2016-17-இல் 12 விழுக்காடு. 2020-21-இல் 71 விழுக்காடு. ஓராண்டு, ஈராண்டு வீட்டிலிருந்து பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட நடவுக்கூலியின் மகளால் இயலுமா? மனப்பாடம் ஒழியவில்லை, அதன் விலைதான் ஏறியது.

"தகுதி குறையலாகாது" என்போரிடம் ஒன்று கேட்போம். 2023-இல் முதுநிலை மருத்துவப் படிப்பில் இடங்கள் நிரம்பவில்லை என்றதும், நீட் தகுதி வரம்பைப் பூச்சியமாகக் குறைத்தார்களே, அன்று தகுதி எங்கே போயிற்று? 2024 இளநிலைத் தேர்வில் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத, 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் "தகுதி" பெற்றனர். இடங்களோ ஏறத்தாழ ஒரு லட்சம். அவற்றுள் பாதியளவே அரசுக் கல்லூரிகளில். கட்டணம் கட்ட முடியாதவர் விலக விலக, குறைந்த மதிப்பெண்ணும் நிறைந்த பணப்பையும் உடையவர் முன்னே வருகிறார். அதே ஆண்டு வினாத்தாள் கசிந்ததை உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆயினும் மறுதேர்வுக்கு ஆணையிடவில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடுத்த வழக்கில், 2013-இல் உச்சநீதிமன்றம் நீட்டைச் செல்லாது என்றபோது, சிறுபான்மை உரிமை காக்கப்பட்டது என்று மகிழ்ந்தோம். 2016-இல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று 2020-இல் தீர்ப்பானபோது வருந்தினோம். நிறுவனத்தின் உரிமைக்காக எழுந்த குரல், மாணவியின் உரிமைக்காக எத்தனை முறை எழுந்தது? 2020-இல் தமிழக அரசு தந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் பயின்றோருக்கே உரியதாயிற்று. அரசு உதவி பெறும் நம் பள்ளிகளில், தமிழ்வழியில், அதே குடிசைகளிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் அதில் அடங்கவில்லை. நம் பள்ளிகளில் படித்ததே அவர்களுக்குக் குற்றமாகிவிட்டது. இதற்காக எத்தனை பங்குப் பேரவைகள் தீர்மானம் இயற்றின? முதன்மை மதிப்பெண் பெற்ற நால்வரின் படத்தைப் பள்ளி வாயிலில் தொங்கவிடுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதா?

விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2021-இலும், ஆளுநர் திருப்பியனுப்பிய பின் 2022-இலும் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதை, 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். அதற்காகக் கைகட்டி அமர்ந்திருக்கலாமா? உதவி பெறும் பள்ளியின் ஏழை மாணவரையும் ஒதுக்கீட்டில் சேர்க்கக் கோருவோம். பூட்டிக்கிடக்கும் பங்கு மன்றங்களை மாலைநேர இலவசப் பயிற்சிக்குத் திறப்போம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் நம்மிடையே எத்தனை பேர்! இடம் கிடைக்காத பிள்ளையிடம், "உன் மதிப்பு இந்த ஒரு தாளில் இல்லை" என்று சொல்லும் துணிவும் பெற்றோருக்கு வேண்டும்.

நீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். கடைமடைக்குரிய முறை வரும்போது மேல்மடையை அடைப்பார்கள். அதை எவரும் சலுகை என்று சொல்வதில்லை. நியாயம் என்றே சொல்கிறார்கள். வயலுக்கு நாம் வழங்கும் நியாயத்தைப் பிள்ளைக்கு வழங்க ஏன் தயங்குகிறோம்?